சூளை வாசலில் அண்ணன் இறக்கி வைக்காத பெட்டி

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், சூளையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், பங்கு மக்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் படத்துக்குக் கீழே ‘கடைசி மூச்சு வரை உழைத்தவர்’ என்று ஒரு வரி போடுவதாக இருந்தது. அச்சகத்தில் போட்டே காட்டினார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்து, ரோஜாப்பூ வைத்து, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். அண்ணன் மகளுக்கு வருத்தம்.

“ஏன் அத்தை? உண்மையத்தானே போட்டிருக்கோம்?”

“உண்மைதான். அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

“அப்ப நீங்களே உள்ளுக்குள்ள ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. எனக்கு ஒண்ணும் புரியல” என்று சொல்லிவிட்டாள்.

அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். அலங்காரமாக எழுத வராது. ஒரு வருடமாக மனசில் இருப்பதைச் சொல்கிறேன். யாருக்காவது கசந்தால் கசக்கட்டும்.

அண்ணன் பிறந்தது இதே மாவட்டத்து மங்களூர் பக்கம் ஒரு சின்ன ஊரில். அப்பாவுக்கு நிலம் கிடையாது. மற்றவர்கள் நிலத்தில் பருத்தியும் சோளமும் விளைய வைத்தார். மழை இல்லாத வருடம் அதுவும் இல்லை. அப்பா ஒருநாள் வைக்கோல் வண்டி மேலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். அதோடு அண்ணனின் பள்ளிக்கூடம் முடிந்தது. அண்ணன் அழுததாக அம்மா சொன்னதில்லை. மறுநாளே வேலைக்குப் போய்விட்டதாகத்தான் சொல்வார். அம்மா அதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு அப்போது நான்கைந்து வயது இருக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்சம் வளர்ந்ததும் அண்ணன் பெண்ணாடம் போய்க் கரும்பு ஏற்றினார். லாரியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். தலையில் கரும்புக் கட்டோடு அந்தப் பலகையில் ஏறி, மேலே போட்டுவிட்டு, அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். ஒருவர் பின்னால் ஒருவராக ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். நடுப்பலகையில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் ஏறுகிறவர் சுமையோடு சரிவில் நிற்க வேண்டும். கால் வழுக்கினால் கட்டோடு கீழே. அதனால் அங்கே முதல் பாடமே, தலையில் ஏறின பிறகு நிற்கக் கூடாது, நடுவில் இறக்கக் கூடாது என்பதுதான். அண்ணன் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார். அது அவரை விட்டுப் போகவே இல்லை. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காமல் படியுங்கள்.

பிறகுதான் விருத்தாசலம் வந்தார். பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிக் கூட்டிவந்தார்கள். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சூளை வேலை என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பியூஸ் கட்டைகளையும் கரண்டு கம்பத்துப் பீங்கான்களையும் அப்படியே நெருப்பில் வைக்க முடியாது. கனமான சுடுமண் பெட்டிகளில் அடுக்கி, அந்தப் பெட்டிகளைச் சூளைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் நிறுத்த வேண்டும். ஒரு பெட்டி எடையில் ஒரு அரிசி மூட்டையை விடக் குறைவுதான், ஆனால் மூட்டை மாதிரி தலைக்குப் பணிந்து கொடுக்காது. சும்மாடு வைத்துத் தூக்கினாலும் உச்சி மண்டையில் கல்லை வைத்த மாதிரி இருக்கும் என்பார் அண்ணன். சூளை வாசல் குறுகல், தாழ்வு. தலையில் பெட்டியோடு முழங்காலை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். சுட்டு முடிந்ததும் வாசல் செங்கல்லைப் பிரித்து, உள்ளே சூடு தணிவதற்கு முன்பே ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு அதே பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். இதுதான் வேலை. இதைத்தான் அண்ணன் மீசை முளைத்த காலம் தொட்டு மீசை நரைத்த பிறகும் செய்தார்.

வேலை நிரந்தரமானதும் நம் பங்குக் கோயிலில் அண்ணியைக் கைப்பிடித்தார். ஒரே மகள். அப்பா அம்மாவை இங்கேயே கூட்டிவந்து வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே போய்விட்டபோது மகனோடு நின்ற என்னை, “அங்க என்னா பண்ணப் போற, வா வூட்டுக்கு” என்று மட்டும் சொல்லி, பெட்டி படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அண்ணி ஒரு முகம் சுளிக்கவில்லை. வீட்டின் பக்கத்திலேயே எனக்கு ஒரு அறை இழுத்துக் கட்டினார்கள். குடிக்க மாட்டார். ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். யாரிடமும் கடிந்து பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

இனி அண்ணன் கஷ்டத்துக்கு வருகிறேன்.

கம்பெனியில் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. ஓய்வு பெறுகிற நாளில் மாலை போடுவார்கள், டீயும் காராபூந்தியும் கொடுப்பார்கள். அதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. சூளை ஆட்களுக்கு மட்டும் ஒரு வழக்கம் கூடுதலாக இருந்தது. சூளையை ஏற்றி முடித்ததும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துச் சேறு பூசுவார்கள் அல்லவா, அன்றைக்குக் கடைசிக் கைச் சேற்றை ஓய்வு பெறுகிறவர்தான் பூச வேண்டும். பூசிவிட்டுக் கை கழுவாமல் வீடு வரைக்கும் வர வேண்டும். அவரோடு சேர்ந்து சூளை ஏற்றுகிற செட்டு ஆட்கள் எல்லோரும் கூட நடந்து வருவார்கள். வீட்டு அம்மாதான் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிட வேண்டும். அண்ணன் எத்தனையோ பேரை அப்படி வீட்டில் கொண்டுவந்து விட்டவர். “நம்ம வாசல்ல எப்ப ஊத்தப் போற?” என்று அண்ணியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். “சொம்பு வெளக்கி வச்சாச்சு, நீங்க வாங்க” என்பார் அண்ணி.

அண்ணனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சொந்தக் காலில் நடந்து வந்து, சேறு காய்ந்த கையை நீட்ட வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்ச வருடம் பாக்கி இருந்தது. உடம்பில் பாக்கி இல்லை.

எனக்கு முதலில் தெரிந்தது கோயிலில். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது எல்லோரும் முழங்காலிடுகிறோம். அண்ணன் பின்னால் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஏண்ணா முட்டி போடல?”

“கூட்டமா இருந்துது பாப்பா.”

அன்றைக்கு இரண்டாம் பூசை. பாதிக் கோயில் காலி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடினார்.

அப்புறம் கவனித்துப் பார்த்தால் எல்லாமே தெரிந்தது. காலையில் கட்டிலிலிருந்து எழ, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். மூச்சு இழுக்கும். பல வருடத் தூசி உள்ளே இருக்கிறது. படியேறி வந்தால் பேச்சு வராது, கையால்தான் பேசுவார். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் சின்னப் பிள்ளை. முழங்காலை அமுக்கிப் பார்த்தார், முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

“இனிமே பாரமெல்லாம் தூக்கக் கூடாதுங்க, பெரியவரே. என்ன வேலை பார்க்கறீங்க?”

“பாரம் தூக்குறதுதாங்க சார் வேலை.”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில், “பார்த்துத் தூக்குங்க” என்றார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரால் மாத்திரை எழுதத்தான் முடியும், வேலையை மாற்றி எழுத முடியாது.

அப்படியானால் அத்தனை நாளும் அண்ணன் எப்படி வேலை பார்த்தார்? இதைச் செட்டு ஆட்கள் இத்தனை காலம் வெளியே சொல்லவில்லை. இப்போது சொல்வதில் தப்பில்லை என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அண்ணனின் பெட்டிகளை அவர்கள் தூக்கினார்கள். சூளையில் தனியாள் கணக்குக் கிடையாது. சூளை நிறைந்ததா, நேரத்துக்கு அடைத்தார்களா என்று மட்டும்தான் கம்பெனி பார்க்கும். யார் தலையில் எத்தனை போயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் செட்டை நடத்துகிற ஆரோக்கியம் மேஸ்திரி அண்ணனை உள்ளே நிறுத்திக் கீழ் வரிசையை அடுக்கச் சொல்லிவிட்டார். அண்ணன் பெட்டியோடு நடக்க வேண்டிய நடையை, அதே செட்டில் இருந்த மங்கலம்பேட்டை பாஷா பாய் பெரும்பாலும் தானே நடந்தார். பாஷா பாய் வாய் சும்மா இருக்காது.

“நான் தூக்குறேன், பேரு அவருக்கு. அல்லா கணக்குல யாரு பேர்ல ஏறுதோ தெரியலயே தங்கச்சி” என்பார் என்னைப் பார்த்தால்.

“உன் பேர்லயே ஏறட்டும்யா, யாரு கேட்டா?” என்பார் அண்ணன்.

“ஏறட்டும் ஏறட்டும். அங்க போயாவது குந்திக்கினு சாப்புடறேன்.”

சிரித்துக்கொள்வார்கள். அண்ணன் சிரிக்கிற மாதிரி இருப்பார்.

அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையும் இருந்தது. சுட்டு வந்த சாமான்களைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைப் பிரித்துப் போடுகிற இடம். பாதிக்கு மேல் பெண்கள். கொட்டகை நிழல், மின்விசிறி உண்டு. ஓய்வு வரைக்கும் அங்கே ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக மேனேஜரிடம் போய் நின்றார். கூட ஆரோக்கியம் மேஸ்திரி.

மேனேஜர் மோசமான ஆள் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினாராம்.

“என்னப்பா, கம்பெனியிலயே சீக்கிரம் ஏத்துற செட்டு உங்க செட்டு. அதுல இருந்துகிட்டு முடியலன்னு சொன்னா நான் என்னன்னு மேல சொல்றது?”

“முட்டி வலிக்குதுங்க சார். மூச்சு வாங்குது.”

“யாருக்குப்பா வலிக்கல? உங்களை உக்கார வச்சா நாளைக்கு சூளையே வந்து நிக்கும். ஐம்பத்தெட்டு வரைக்கும் இந்த வேலைக்குத்தான் போஸ்டிங். முடியலன்னா எழுதிக் குடுத்துட்டுப் போகலாம். ஆனா பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?”

இதுதான் நடந்தது. மறைத்துக் காப்பாற்றிய செட்டே கடைசியில் அண்ணனுக்கு எதிர்ச் சாட்சியாகப் போய்விட்டது. சூளை நேரத்துக்கு நிறைகிறது, அப்படியானால் ஆள் நன்றாக இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் செட்டு முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் மேஸ்திரி சொன்னார்.

“நாமதான்யா கெடுத்தோம். மேனேஜரு கண்ணால பார்க்கட்டும். செவ்வாக்கெழம ஏத்துற அன்னிக்கு அவரை வாசல்ல கொண்டாந்து நிறுத்தறது என் பொறுப்பு. அன்னிக்கு நம்மள்ல ஒருத்தனும் இவரு பெட்டியத் தொடக் கூடாது. இவரே தூக்கட்டும். முடியாம எறக்கட்டும். பார்த்தா தெரியாதா?”

“நடிக்கணுமா?” என்றார் அண்ணன்.

“நடிக்க வேணாம்ணே” என்றார் பாஷா பாய். “தெனமும் நடிக்கிறீங்களே, அத ஒருநாளைக்கு வுட்டாப் போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாஷா பாய் எழுந்து தலையில் அண்ணியின் முறத்தை வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தார். நின்றார். முறத்தைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்து, “யப்பா” என்றார்.

“பார்த்துக்கினீங்களா? இவ்ளோதான். நில்லு, எறக்கு, யப்பா.”

“எறக்கி வைக்கிறதுக்குக்கூட டிரெயினிங்கா?” என்றார் அண்ணி. அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் அண்ணன் மேலேயே இருந்தது. அண்ணன், “சரி சரி, எறக்கிடறேன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அண்ணியும் நானும் கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் பார்த்த கையோடு வீட்டுப் பெண்களும் கேட்டால் மறுக்கமாட்டார் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சுவரோரம் வேப்பமர நிழலில் நின்றோம். அங்கிருந்து சூளை வாசல் தெரியும். மேனேஜர் வந்தார். கையில் ஒரு செல்போன், அப்போதுதான் ஊரில் எல்லோர் கையிலும் வந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அண்ணன் சும்மாடு வைத்தார். பெட்டியை ஏற்றிவிட்டார்கள். நடந்தார். பின்னால் பாஷா பாய், அதற்குப் பின்னால் மற்றவர்கள். வாசலுக்கு முன்னால் இறக்கி வைப்பார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அண்ணன் இறக்கவில்லை. முழங்காலை மடக்கினார், குனிந்தார், உள்ளே போனார். சரி, அடுத்த நடையில் என்று நினைத்தோம். அடுத்த நடையிலும் போனார். அதற்கடுத்த நடையில் அவர் கழுத்து நரம்பு எங்களுக்குத் தெரிந்தது. கால் ஆடியது. வாசலில் ஒரு கணம் நின்றார்.

“எறக்குண்ணே” என்றார் பின்னாலிருந்து பாஷா பாய். அடக்கிச் சொன்னது எங்கள் காதுக்கே கேட்டது. “எறக்கு. எறக்குண்ணே.”

“பின்னால ஆளு வருதுடா, நட” என்றார் அண்ணன். குனிந்து உள்ளே போய்விட்டார்.

மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்தார். மேஸ்திரி பக்கம் திரும்பி, “பரவாயில்லையே, வயசே தெரியல” என்றார். வெளியே வந்த அண்ணனின் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.   அண்ணி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் எங்களிடம் வந்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி, அதில் வேர்வை வழிந்த கோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பெனி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

“ஏண்ணா? எதுக்குண்ணா இப்படிப் பண்ண?”

அண்ணன் மூச்சு வாங்கி முடிக்கவே நேரம் ஆயிற்று.

“எறக்கலாம்னுதான் பாப்பா போனேன். தலையில ஏறினதுக்கு அப்புறம் எப்படி எறக்கறதுன்னு தெரியல.”



மறுபடியும் பழையபடி. செட்டு அவருக்காகத் தூக்கியது. பாஷா பாய் கொஞ்ச நாள் அண்ணனோடு பேசவில்லை, ஆனால் அவர் பெட்டியைத் தூக்குவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு ஒரு சூளை பிரிக்கிற அன்று, உள்ளே சூடு அதிகமாக இருந்த நேரத்தில், வாசல் தாண்டி வந்த அண்ணன் அப்படியே கீழே உட்கார்ந்தார். விழவில்லை. உட்கார்ந்தார். தலையில் பெட்டி இருந்தபடியே இருந்தது. இரண்டு கையும் அதைப் பிடித்தபடியே இருந்தன. “விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தேன் தங்கச்சி” என்று பாஷா பாய் என்னிடம் சொன்னார். 

அதோடு வேலை நின்றது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பல மாதம் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். ஜன்னல் வழியாகக் கம்பெனிச் சங்கு கேட்கும். ஒவ்வொரு சங்குக்கும் முகம் அந்தப் பக்கம் திரும்பும். ஓய்வு பெற வேண்டிய நாள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை வேளையில், அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அண்ணி விளக்கி வைத்த சொம்பு அலமாரியில் அப்படியே இருக்கிறது.

மேனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். எல்லோர் முன்னாலும் நின்று, “கடைசி மூச்சு வரை உழைத்தவர்” என்று பேசினார். அந்த வரி அங்கிருந்து வந்ததுதான். அட்டையில் ஏன் எடுக்கச் சொன்னேன் என்று அண்ணன் மகளுக்கு இப்போது புரியும். மேனேஜர் பேசி முடித்ததும் நான் அவரிடம் போனேன்.

“நீங்க உக்கார வச்சிருந்தா இன்னும் மூச்சு இருந்திருக்கும் சார்.”

“என் கண் முன்னால தூக்கினாரேம்மா. நான் பார்த்தேனே” என்றார். பொய் சொல்லவில்லை. தூக்கினார்தான். அவர் பார்த்தார்தான். அதனால்தான் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதில் இப்போது இருக்கிறது. தூக்க முடிகிறதா என்று பார்த்தீர்கள். தூக்கிய பிறகு அந்த ஆள் என்ன ஆகிறார் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. மேனேஜருக்கும் ஐம்பத்தெட்டில்தான் ஓய்வு, பெட்டி தூக்குகிறவருக்கும் ஐம்பத்தெட்டில்தான். நாற்காலியில் இருப்பவர் அந்த வயதுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். சூளை வாசலில் நாளெல்லாம் மடங்கி நிமிர்ந்த முழங்காலால் முடியாது. முடியும் என்று காட்டுகிறவர்கள் எல்லோரும் யாரோ ஒரு பாஷா பாயின் தலையில் ஏற்றித்தான் காட்டுகிறார்கள். அல்லது அண்ணன் மாதிரி காட்டுகிறார்கள்.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் சோற்று அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கித் திண்ணைவரை கொண்டுபோக வேண்டும். நானும் கூட வேலை பார்க்கும் ஆயாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். எனக்கும் இன்னும் வருடங்கள் இருக்கின்றன. எனக்கும் இடுப்பு போய்விட்டது. யாராவது அதிகாரி பார்க்க வந்தால் அன்றைக்கு மட்டும் நாங்கள் வேகமாகத் தூக்குவோம். ஏன் என்று கேட்டால் தெரியாது. அண்ணன் போன பிறகு ஒரு நாள் அதிகாரி வந்து நின்றபோது நான் நடுவழியில் அண்டாவை இறக்கி வைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு மேல முடியல சார், ஒரு ஆளு வேணும்” என்றேன். ஆயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதிகாரி முகம் சுளித்தார். ஆள் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் சோற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோக வண்டி தந்தவர்களுக்கும், அங்கே இரத்தம் கொடுத்த பங்கு இளைஞர்களுக்கும், அவர் படுக்கையில் இருந்த மாதங்களில் வாரம் தவறாமல் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், அண்ணியைத் தனியாக விடாத அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைப் படுக்கையில் புரட்டி, துடைத்து, தூங்காமல் பார்த்த அண்ணிக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவார். அதனால் எழுதவில்லை.

செட்டு ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் மறைத்தது தப்பு என்று சிலர் என்னிடமே பேசினார்கள். அவர்கள் மறைக்காமல் இருந்திருந்தால் அண்ணன் முன்பே விழுந்திருப்பார். வேறு வழி கம்பெனி வைக்கவில்லை.

அண்ணனைக் கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள்தான் தூக்கினார்கள். வண்டி இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. நல்ல வெயில். முன்னால் ஆரோக்கியம் மேஸ்திரி, அவருக்கும் அண்ணன் வயதுதான். பக்கத்தில் பாஷா பாய். நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மேஸ்திரியின் நடை தடுமாறியது. அவர் கழுத்து நரம்பை நான் பார்த்தேன். சூளை வாசலில் பார்த்த அதே நரம்பு. இவரும் நடந்துகொண்டேதான் இருக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

மேஸ்திரி நின்றார். ஊர்வலம் முழுக்க நின்றது.

“முடியலப்பா” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “யாராவது தோள் குடுங்க.”

பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். சொந்தம், அயலார், யார் யாரோ. நான் பேர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்களில் சிலர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பீர்கள். கேட்டதும் வந்தீர்கள். உங்களுக்கு நன்றி.